34 வயதில் ஆன்லைன் டிகிரி: கடன் வாங்கிப் படிக்கலாமா?

பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை, வயது 34, ஆன்லைனில் பி.காம். படிக்க ஆசை, கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் படியுங்கள். கடன் மட்டும் வேண்டாம். சம்பளத்திலிருந்து அவ்வப்போது கட்டிக்கொள்ள முடிகிற படிப்பாகப் பாருங்கள்.

ஆலங்குளம் பக்கம் இருக்கிற என் மதினி பீடி சுற்றுகிறவர். டிகிரி முடிக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஒரு ஆன்லைன் டிகிரி விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்துவிட்டார், அப்புறம் போன் மேல் போன். "மேடம், மாசம் கொஞ்சம்தான், வட்டியே கிடையாது, இன்னைக்குச் சேர்ந்தாத்தான் தள்ளுபடி." பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடிபி வந்துவிட்டது. மடியில் பீடித்தட்டு, விரலெல்லாம் தூள். "என்னன்னு வாசிச்சுச் சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டினார். கீழே தள்ளித் தள்ளிப் படித்தால், அது காலேஜுக்குக் கட்டுகிற தவணையே இல்லை. ஒரு நிதி நிறுவனம் மொத்தக் கட்டணத்தையும் மதினி பெயரில் கடனாகப் போடுகிறது. அந்த ஓடிபி எண்ணைச் சொன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி. பாதியில் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கணக்கிலிருந்து தானாகப் போகும். பணம் இல்லாத மாதம் அபராதம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். எண்ணைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டோம்.

மதினி இப்போது மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் படிக்கிறார். அங்கே கட்டணம் வருஷா வருஷம்தான், தேர்வுக் கட்டணம் தனி. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. உங்களுக்கு அபிஷேகப்பட்டி பக்கம்தானே, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் நேரில் போய் விசாரியுங்கள். ஆன்லைன்தான் வேண்டும் என்று நிற்க வேண்டாம். அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் அறிவித்திருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே கட்டுங்கள். ஊரில் சென்டர் போட்டிருக்கிறவர் கையில் கொடுக்காதீர்கள். சேர்க்கை, தேர்வு, பட்டமளிப்பு என்று தனித்தனியாக வரும் கட்டணங்களையும் முதலிலேயே கேட்டு ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் பாதிக் கதைதான்.

சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்கு. பீடித் தொழிலாளர் கல்வி உதவித்தொகை அவர்கள் பிள்ளைகளுக்கு. வருமான வரியில் கல்விக் கட்டணக் கழிவும் பிள்ளைகளின் கட்டணத்துக்குத்தான், உங்கள் படிப்புக்குக் கிடையாது. நீங்கள் எஸ்சி, எஸ்டி பிரிவினர் என்றால் மட்டும் இக்னோவில் கட்டண விலக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தமிழ்நாடு அரசு வேலை மனதில் இருந்தால் இன்னொன்று. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லையென்றால் அதை முதலில் முடியுங்கள், அதற்குச் செலவும் குறைவு.

இன்றே சேரச் சொல்லி யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள். இக்னோவில் ஜூலை, ஜனவரி என்று வருஷத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. ஜூலைக்குப் பணம் தேறவில்லையா, மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்து ஜனவரியில் சேருங்கள்.