பெரிய திரையில் பார்க்க வேண்டிய பந்தயம்

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயம் பற்றி 2004இல் வந்த ஐமேக்ஸ் முப்பரிமாண ஆவணப்படத்தை நீங்கள் புகழ்ந்திருந்தீர்கள். டிவிடி வாங்கி மகனோடு பார்த்தேன். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். எனக்கும் நீளமான விளம்பரம் போலத்தான் இருந்தது. நாற்பது கார்கள் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருவதில் பார்க்க என்ன இருக்கிறது? இந்தக் கார்களை ஸ்டாக் கார், அதாவது கடையில் விற்கும் அதே கார் என்கிறார்கள், அதுவும் உண்மையில்லை போலிருக்கிறதே?

செ., அட்லாண்டா

அன்புள்ள செ.,

விளம்பரம் என்று நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். நாஸ்கார் பெயரையே தலைப்பில் வைத்திருக்கும் படம் அது. ஆனால் வீட்டு டிவியில் பார்த்தேன் என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான்.

டிவி ஒளிபரப்பில் தூரத்திலிருந்து நீளமான லென்ஸ் வைத்து எடுக்கிறார்கள். அந்த லென்ஸ் தூரத்தை அமுக்கிவிடும். 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பொம்மை மாதிரி மிதந்து வரும், ஃபுளோரிடாவில் இருக்கும் டேடோனா டிராக்கின் வளைவு ஏதோ லேசாகச் சாய்ந்த சாலை மாதிரி தெரியும். அந்த வளைவின் சரிவு 31 டிகிரி, ஏறக்குறைய உங்கள் வீட்டு மாடிப்படியின் சரிவு. 1959இல் அதற்காக மண்ணை மலையாகக் குவித்தார்கள், மண் தோண்டிய பள்ளம் இன்றும் மைதானத்தின் நடுவில் ஏரியாகக் கிடக்கிறது. நான் இதையெல்லாம் படித்திருந்தேன். ஆனால் அந்தச் சரிவு என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது அந்தப் பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபோதுதான்.

இயக்குநர் சைமன் வின்சரும் அவர் குழுவும் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஐமேக்ஸ் முப்பரிமாணக் கேமரா சுமார் நூறு கிலோ எடை. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு ஃபிலிம் சுருள் ஓடும், நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல், ஆயிரம் அடிச் சுருள் மூன்றே நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதை வைத்துக்கொண்டுதான் பந்தயத்தைத் துரத்தியிருக்கிறார்கள்.

சரி, என்ன பார்ப்பது என்று கேட்டீர்கள். கார்களைப் பார்க்காதீர்கள், கார்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, அது காரைப் பின்னால் இழுக்கும். இன்னொரு கார் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த இழுவை குறையும், பின்னால் வருகிறவனுக்கும் எதிர்காற்று குறையும், இரண்டும் சேர்ந்து தனியாக ஓடுவதைவிட வேகமாக ஓடும். அதனால்தான் போட்டியாளர்களே ஒருவரையொருவர் விட்டுப் பிரியமுடியாமல் அரை அடி, ஓரடி இடைவெளியில் ஓடுகிறார்கள், எப்போது விலகி முந்துவது என்பதுதான் மூன்று மணி நேரத்துக்கும் ஓடுகிற நாடகம். 1960 டேடோனா 500 பந்தயத்தில் ஜூனியர் ஜான்சன் வேகம் குறைந்த காரோடு வந்து, இந்தச் சூட்சுமத்தைப் பயிற்சியின்போது கண்டுபிடித்து, அதை வைத்தே ஜெயித்தார். அந்த இடைவெளியை இரண்டு கண்ணாலும் அளந்து பார்க்கும்படி காட்டியது இந்தப் படம்தான், அதனால்தான் புகழ்ந்தேன்.

ஸ்டாக் கார் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இப்போது ஓடுகிற காருக்குத் திறக்கிற கதவு கிடையாது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1949 ஜூனில், கடையில் விற்கும் காரை மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நாஸ்கார் சார்லட்டில் நடத்திய முதல் பந்தயத்தில் க்ளென் டனவே முதலாவதாக வந்தார். சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் மாற்றம் செய்திருந்தது தெரிந்து, வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. கள்ளச்சாராயம் கடத்துகிற காரில் செய்கிற வேலை அது, பாரத்தில் பின்பக்கம் தொங்கினால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் அல்லவா.

நான் பெரிய திரையில் பார்க்க ஏங்குவது இன்னொரு கதை. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் கறுப்பினத்தவரான வெண்டெல் ஸ்காட் ஜெயித்தார், ஆனால் வேறொருவரை வெற்றியாளராக அறிவித்தார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டபோது கூட்டம் கலைந்துபோயிருந்தது. அவர் 1990இல் இறந்தார். அதிகாரபூர்வமான கோப்பை 2021இல்தான் குடும்பத்தின் கைக்கு வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அட்லாண்டாவில்தானே இருக்கிறீர்கள்? பக்கத்தில் ஹாம்ப்டனில் ஒரு டிராக் இருக்கிறது, 2022இல் வளைவை 28 டிகிரிக்கு உயர்த்தியபிறகு அங்கேயும் கார்கள் டேடோனா மாதிரி கூட்டமாக ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. பையனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேருக்கும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாமல் உட்கார முடியாது. அப்புறம் முதல் சுற்றில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.