எக்கோ பார்த்தாச்சு, சி.டி. ஸ்கேன் வேறு எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். எக்கோவில் 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஆஞ்சியோவும் வேண்டுமாம். இதே பிரச்சினை இருந்த உறவினர் குழந்தைக்கு எக்கோ மட்டும்தான் பார்த்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன்?

பதில்: எக்கோவில் ஏதோ ஒரு ரத்தக்குழாய் தெளிவாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அது இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனியாக இருக்கும்.

இந்தக் குறைபாட்டில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையும் குறுகியிருக்கும். ஓட்டையை அடைத்து, பாதையை அகலப்படுத்துவதுதான் ஆபரேஷன். அகலப்படுத்த, பல குழந்தைகளுக்கு வலது கீழறையின் முன்பக்கத்தைக் கீறி ஒட்டுப் போட வேண்டிவரும். சிக்கல் அங்கேதான். நூற்றில் ஏறக்குறைய ஐந்து குழந்தைகளுக்கு, இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் முக்கியமான கரோனரி கிளை, வலது கரோனரியிலிருந்து கிளம்பி, கீற வேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஓடும். அது வெட்டுப்பட்டால் இதயத் தசையே செத்துப்போகும், உயிருக்கும் ஆபத்து. நெஞ்சைத் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. சிலருக்கு அந்தக் கிளை தசைக்குள் புதைந்திருக்கும்.

முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழிகள் உண்டு. மேலறை, நுரையீரல் தமனி வழியாகவே உள்ளே போய் அடைப்பை நீக்கலாம். அது போதாவிட்டால், அந்தக் கிளையைத் தொடாமல் மேலே தாண்டிப் போகும்படி ஒரு செயற்கைக் குழாயை, அதாவது கன்ட்யூட்டை, வைக்கலாம். குழந்தை வளர்ந்தாலும் கன்ட்யூட் வளராது. பிற்பாடு மாற்ற வேண்டிவரும்.

நுரையீரல் தமனிக் கிளைகளின் அளவும் சி.டி.யில் தெரிந்துவிடும். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி வலப்பக்கம் வளைவதும் இந்தக் குழந்தைகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு உண்டு. முதலில், நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக ஷன்ட் என்ற சிறு குழாயை வைக்க நேர்ந்தால், எந்தப் பக்கம் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

கதிர்வீச்சை நினைத்துத் தயங்க வேண்டாம். குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைத்துத்தான் எடுப்பார்கள்.

சர்ஜனிடம் இதைக் கேளுங்கள்: கரோனரி குறுக்கே போகிறதா, நுரையீரல் தமனியின் வால்வைக் காப்பாற்ற முடியுமா, கன்ட்யூட் தேவைப்படுமா?

அப்புறம், ஸ்கேனுக்காகக் குழந்தையை வெறும் வயிற்றில் அதிக நேரம் காக்க வைக்காதீர்கள். தாமதமானால் டிரிப்ஸ் போடச் சொல்லிக் கேளுங்கள். உடலில் நீர் குறைந்தால் திடீரென நீலம் பாரிக்கக்கூடும். அப்படி ஆனால் முழங்கால்களை மடக்கி மார்போடு அணைத்துப் பிடித்தபடி உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் அதே நிலையில் வைத்து நேரே மருத்துவமனைக்கு.