கீரைப் பாத்திக்கு வாங்கிய பேசில்லஸ் பொடி: ஆட்டுக்கும் ஆளுக்கும் ஆபத்தா?

கேள்வி: ஐயா, வணக்கம். மணலி புதுநகரைத் தாண்டி அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அரைக்கீரை, சிறுகீரை போடுகிறேன். ஓரத்தில் மிளகாய், கத்திரி நாற்றும் விட்டு விற்கிறேன். இந்த முறை நாற்று இரண்டு இலை விட்டதுமே தண்டு தரையோடு அழுகிச் சாய்கிறது. செங்குன்றத்தில் ஒரு கடையில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்று வெள்ளைப் பொடி கொடுத்தார்கள். தகரக் கொட்டகையில் வெயில் காய்ந்த பொட்டலம், உயிரோடு இருக்குமா தெரியவில்லை. காலேஜ் படிக்கும் மகள், ஆந்த்ராக்ஸ் கிருமியும் பேசில்லஸ்தான் என்று சொல்லி அதைத் தொடவே பயப்படுகிறாள். வீட்டில் ஆறு ஆடு இருக்கிறது. போன மழையில் நன்றாகக் கொழுத்த குட்டி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துப்போனது. பொடி போட்ட பாத்தியில் ஆடு வாய் வைக்கலாமா? கீரை தின்கிறவர்களுக்கு ஏதாவது ஆகுமா? அப்புறம், 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் கீழ்ப்பாத்தி முழுகி, வடிந்தபோது எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. மண்ணிலுள்ள எண்ணெய், ஆலைக் கழிவு எல்லாவற்றையும் தின்றுவிடும் பாக்டீரியா என்று ஒரு பாட்டில் விற்க வந்தார்கள். வாங்கலாமா?

பதில்: வணக்கம். உங்கள் மகள் சொன்னது சரிதான். அடைப்பான் என்று நாம் சொல்கிற ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்குவது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். நீங்கள் வாங்கியது பேசில்லஸ் சப்டிலிஸ். குடும்பப் பெயர் ஒன்று, குணம் வேறு. அடைப்பான் கிருமியின் விஷத்துக்கும் அதன் மேலுறைக்கும் உரிய மரபணுக்கள் இரண்டு தனி டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. சப்டிலிஸில் அவை கிடையாது. அந்த இரண்டில் ஒரு வளையத்தை இழந்த அடைப்பான் கிருமியைக் கொண்டுதான் மாட்டுக்கு அடைப்பான் தடுப்பூசியே தயாராகிறது. ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் செய்யும் அந்த மருந்துக்குள் இருப்பதும் உயிருள்ள ஸ்போர்தான். எனவே பொடியைத் தொடலாம். கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அது கிருமிக்காக இல்லை, பொடியில் கலந்திருக்கும் டால்க் மாவின் தூசிக்காக.

அந்த ஸ்போர் என்ன என்று தெரிந்துகொண்டால் நீங்கள் கேட்ட பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே கிடைக்கும். மண்ணில் ஈரமும் உணவும் தீரும்போது இந்த பாக்டீரியாக்கள் சாகாமல் தங்களுக்குள்ளேயே ஒரு கெட்டியான உருண்டையைச் செய்துகொள்கின்றன. உள்ளே தண்ணீர் மிகக் குறைவு, வெளியே அடுக்கடுக்காக உறை. விதை மாதிரி என்பார்கள். ஆனால் செடி பல விதை கொடுக்கும். இங்கே ஒரு பாக்டீரியாவுக்கு ஒரு ஸ்போர்தான். பெருக்கத்துக்காகச் செய்வதில்லை, பிழைத்துக் கிடப்பதற்காகச் செய்வது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பல ஸ்போர்கள் பிழைக்கும். அவற்றைக் கொல்ல ஆய்வகங்களில் 121 டிகிரியில் 15 நிமிடம் அழுத்த நீராவி கொடுக்கிறார்கள். மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும்போது முதலில் 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடு காட்டுவார்கள். மற்ற கிருமிகள் செத்துவிடும், ஸ்போர் மட்டும் மிஞ்சும்.

ஆகவே தகரக் கொட்டகைச் சூட்டில் உங்கள் பொடி செத்திருக்காது. சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற மற்ற பாக்டீரியாப் பொட்டலத்துக்கு இந்தத் தைரியத்தை நான் சொல்ல மாட்டேன். அவை ஸ்போர் செய்யாதவை, சித்திரை வெயிலில் கடை அலமாரியிலேயே எண்ணிக்கை சரிந்துவிடும். பேசில்லஸுக்கு எதிரி ஈரம். பொட்டலத்தைக் கையில் எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். பொடி பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. ஸ்போர் உள்ளேயே முளைத்து, தின்ன ஒன்றும் இல்லாமல் செத்திருக்கலாம். அதோடு காலாவதித் தேதி, பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண், ஒரு கிராமுக்கு எத்தனை உயிரணு என்ற குறிப்பு மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத பொட்டலத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி நாற்றுக்கு வருவோம். நீங்கள் சொல்வது நாற்றழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற பூசணத்தின் வேலை. மண் சொதசொதவென்று இருந்தால், விதை அடர்த்தியாக விழுந்தால், அது கொண்டாட்டமாக வளரும். ஏற்கெனவே கழுத்து அழுகிச் சாய்ந்த நாற்றை இந்தப் பொடி எழுப்பாது. கடைக்காரர் அப்படிச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். சப்டிலிஸ் முன்கூட்டியே வேரைச் சுற்றி இடம்பிடித்துக்கொண்டு, இட்யூரின், ஃபென்ஜிசின் போன்ற பொருட்களைச் சுரந்து பூசணத்தின் மேலுறையைக் கெடுக்கும். செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். வருமுன் காப்புக்கு மட்டும்தான் இது உதவும்.

இப்போது பாதித்த பாத்தியில் சாய்ந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். மீதி நாற்றுக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றலாம். அதே தண்ணீரில் பேசில்லஸைக் கலக்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி விடுங்கள். முளைத்து வரும் பாக்டீரியாவுக்குத் தாமிரம் ஆகாது.

அடுத்த விதைப்புக்கு முறை இது. விதை கிலோவுக்கு 10 கிராம் பொடி. அரை ஏக்கர் கீரைக்கு அரைக் கிலோ விதை போதும், ஆக 5 கிராம். ஆறிய வடிகஞ்சியை விதையில் லேசாகத் தெளித்து, பொடியைப் பிசிறி, நிழலில் அரை மணி உலர்த்தி, மணல் கலந்து தூவுங்கள். மண்ணுக்கு ஏக்கருக்கு 1 கிலோ கணக்கில் உங்களுக்கு அரைக் கிலோ. அதை 10 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, கையால் பிடித்தால் உருண்டை நிற்கும், தண்ணீர் சொட்டாது என்ற ஈரத்தில் வைத்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் விடுங்கள். ஸ்போர் முளைத்துப் பெருகும். மண் வாடை அடித்தால் சரி, அழுகல் நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், கிளறி விடுங்கள். மிளகாய், கத்திரி நாற்று மேட்டுப் பாத்தியில் மட்டும். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் தட்டைப் பாத்தி போட்டுவிட்டு எந்தப் பொடியைத் தூவினாலும் வீண்செலவுதான்.

கீரையில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் புழு வந்தால் இதே குடும்பத்தில் இன்னொரு ஆள் உண்டு: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. ஸ்போர் செய்யும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் செய்யும். புழு அதைத் தின்றால் அதன் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைந்து குடலை ஓட்டையாக்கும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருக்கிறதே என்று வேறு மருந்து அடிக்க ஓடாதீர்கள். சின்னப் புழுவாக இருக்கும்போது, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். 25 நாளில் பிடுங்கிவிடும் கீரைக்கு ரசாயனம் அடித்துக் காத்திருக்க நாள் ஏது? பி.டி.தான் தோது. இதிலேயே இஸ்ரேலென்சிஸ் என்ற வகை கொசுப் புழுவைக் கொல்லும். தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டுக் குட்டி விஷயம். இதற்கும் பொடிக்கும் சம்பந்தமில்லை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மழைக்காலம், மந்தையிலேயே கொழுத்த குட்டி, ஒரே ராத்திரி என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் துள்ளுமாரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற ஸ்போர் பாக்டீரியாவின் வேலை. அது ஆட்டின் குடலில் கொஞ்சமாக எப்போதும் இருக்கிறது. திடீரென்று தளிர்ப் புல், செங்குன்றம் ஆலைக் குருணை, கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு என்று வயிறு முட்டப் போனால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கும். கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் போகும். ஆசையாகச் சோறு வைப்பதை நிறுத்துங்கள், தீவனத்தைப் படிப்படியாக மாற்றுங்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு; வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால். முதல் தடவை போடும் குட்டிகளுக்கு அடுத்து இன்னொரு ஊசியும் தேவை, தேதியைக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

அடுத்த முறை ஆடோ மாடோ திடீரென்று செத்தால் இதைச் செய்யுங்கள். மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுத்த ரத்தம் கசிகிறதா, உடம்பு விறைக்காமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். அப்படி இருந்தால் அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, கறிக்காரருக்குக் கொடுக்கவே கூடாது. அடைப்பான் கிருமி மூடிய உடம்புக்குள் ஸ்போர் செய்யாது, அழுகலோடு அழுகலாகச் செத்துவிடும். கத்தி வைத்துக் காற்றுப் பட்டால்தான் ஸ்போராகி மண்ணில் இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் க்ரூனார்ட் தீவு சாட்சி. 1942-ல் ஆங்கிலேயர்கள் போர்ச் சோதனைக்காக அங்கே செம்மறிகளைக் கட்டி வைத்து அடைப்பான் ஸ்போரை வெடித்தார்கள். 1986-ல் கடல்நீரில் ஃபார்மலின் கலந்து தீவையே நனைத்த பிறகு, 1990-ல்தான் ஆள் போகலாம் என்றார்கள். மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகச் சாவு என்றால் புதைக்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள்.

பொடி போட்ட பாத்தியில் ஆடு வாய் வைத்தால் ஒன்றும் ஆகாது. கீரை தின்கிறவர்களுக்கும் பயமில்லை. ஜப்பானில் நாட்டோ, சிக்கிமில் கினிமா என்று இதே சப்டிலிஸால் புளிக்க வைத்த சோயாவை ஜனங்கள் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கென்றால் டாக்டர் எழுதும் சின்னக் குப்பி மருந்துகளில் ஒன்றில் இருப்பது பேசில்லஸ் கிளாசியின் ஸ்போர். கீரையால் வரும் கெடுதல் பெரும்பாலும் கீரைக்கட்டைக் கழுவும் தண்ணீரிலிருந்தும் பச்சைச் சாணத்திலிருந்தும் வருகிறது. கால்வாயில் முக்கி எடுத்துச் சந்தைக்கு அனுப்பும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டென்று எனக்குத் தெரியும், அதை விட்டுவிடுங்கள். அதே குடும்பத்து பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் இருக்கும். வடித்த சோற்றை மதியம் முழுக்க வெளியில் வைத்தால் விஷம் சுரக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. உங்களுக்கு ஒன்று: தொழுவுர மண்ணில் டெட்டனஸ் ஸ்போர் சாதாரணமாக இருக்கும். அரிவாள் பட்டாலோ ஆணி குத்தினாலோ மஞ்சளை அப்பிவிட்டு உட்காராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் பாட்டில். பாதி உண்மை. பேசில்லஸ் உட்படப் பல மண் பாக்டீரியாக்கள் எண்ணெயைச் சிதைக்கும். ஆனால் அவற்றுக்குக் காற்றும் தழைச்சத்தும் வேண்டும். நீங்கள் பாத்தியைக் கொத்தி, காயவிட்டு, தொழுவுரம் போட்டாலே உள்ளூர் பாக்டீரியா அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை எந்த பாக்டீரியாவாலும் தின்று இல்லாமல் ஆக்க முடியாது. வடிவம் மாற்றலாம், அவ்வளவுதான். கீரையோ அவற்றை இலையில் ஏற்றிக்கொள்ளும் பயிர். ஆலைகளுக்கு இவ்வளவு பக்கத்தில், வெள்ளம் முழுகிய பாத்தியில், பாட்டிலுக்குக் கொடுக்கும் காசைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் ஈயமும் காட்மியமும் கிடையாது, தனியாகக் கேட்க வேண்டும். எங்கே அனுப்புவது என்று திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ பல இடத்தில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். கீழ்ப்பாத்தி மண் தனி, மேட்டுப்பாத்தி மண் தனி. முடிவு வரும் வரை கீழ்ப்பாத்தியில் கீரை வேண்டாம், கனகாம்பரமோ சாமந்தியோ வையுங்கள்.