ஹேர்க் கால்வாய்க்கு இரண்டு பட்டைகள் தெரிவது பிறபொருளெதிரியின் பழுதா?

வந்தாறுமூலை மாணவர் ஒருவர், ஹேர்க் என்னும் பொற்றாசியம் கால்வாய்ப் புரதத்துக்கான பிறபொருளெதிரியைக் கொண்டு வெஸ்டர்ன் பிளொட் (புரதங்களை ஜெல்லில் பருமன்படி பிரித்து, தேடும் புரதத்தை அதைப் பற்றும் பிறபொருளெதிரியால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தபோது இரண்டு பட்டைகள் வந்தன, இது பழுதா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் பழுதல்ல. இதயத் தசைக் கலத்தை ஒவ்வொரு துடிப்பின் பின்னும் ஓய்வுநிலைக்குத் திருப்ப உதவும் இப்புரதம், சிறிதளவே சர்க்கரை சேர்ந்த முதிரா வடிவில் ஏறத்தாழ 135 கிலோடால்டனிலும் (புரதத்தின் திணிவை அளக்கும் அலகு), கலத்தினுள் புரதங்களைப் பக்குவப்படுத்தும் கொல்கி உடலைக் கடந்து சர்க்கரையேற்றம் நிறைவுற்ற முதிர்ந்த வடிவில் 155 கிலோடால்டனிலும் தெரியும். மேற்பட்டை மட்டும் மங்கினால், புரதம் உருவாகியும் கலமேற்பரப்பை அடையவில்லை என்று ஐயுறலாம். எனவே அந்த இரண்டு கோடுகளும் உங்களுக்குக் கிடைத்த நல்ல தகவல்.

புரதம் ஜெல்லில் மாதிரியை இடும் கிணற்றின் அடியிலேயே கறுத்த பூச்சாகத் தேங்கினால் அது வேறு விடயம். மென்சவ்வுப் புரதங்கள் 95 பாகைச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடும். மாதிரியை 37 பாகையில் வைத்துப் பாருங்கள்.

ஹேர்க் மரபணு செலுத்தப்படாத ஹெக் 293 கலங்களின் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கலவகை) மாதிரியையும் பக்கத்திலேயே கட்டாயம் ஓடவிடுங்கள். அங்கும் அதே பட்டைகள் அதே வலிமையில் வந்தால் அந்தப் பிறபொருளெதிரியை நம்பாதீர்கள். பிறபொருளெதிரி பற்றும் சிறு புரதத் துண்டாகிய பெப்டைட்டை முன்கூட்டியே சேர்த்து, பட்டை மறைவதைக் காட்டும் சோதனையை மட்டும் சான்றாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் வேறு புரதத்தில் தவறாகப் பற்றும் பிறபொருளெதிரியும் அதே பெப்டைட்டால் தடைபடலாம்.

உயிருள்ள கலங்களின் மேற்பரப்பைச் சாயமிடுவதானால், கால்வாயின் வெளிப்புறப் பகுதியைப் பற்றும் பிறபொருளெதிரியையே வாங்குங்கள். உட்புற முனையைப் பற்றுவது மென்சவ்வைத் தாண்டாது. மட்டக்களப்பில் மின்வெட்டு வந்தால் பிறபொருளெதிரி உறைந்து உருகும் ஆபத்துண்டு, ஆகவே அது கைக்கு வந்த அன்றே சிறு குப்பிகளாகப் பிரித்து வையுங்கள்.