டயர் சூடும் பத்து கிலோமீட்டரும்

ஐயா, வணக்கம். எங்கள் மன்றத்தின் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக கர்னி டிரைவ் பக்கம் சைக்கிளில் ஜோன்ஸ் கவுண்டர் (சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவி) பூட்டிப் பாதை அளந்தோம். கவுண்டரைச் சரிபார்க்க இரும்பு டேப்பால் அளந்து வைத்த 300 மீட்டர் அளவுத்தடத்தில் காலை 7 மணிக்கு, கிலோமீட்டருக்கு 11,250 எண்ணிக்கை. 10.30-க்குத் திரும்ப ஓட்டினால் 11,242. நடுவில் ஒரு மழை வேறு. எதை எடுப்பது? இரும்பு டேப்புக்கும் வெயில் கணக்கு உண்டா?
— வாசகர், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

11,250-ஐ எடுங்கள். வெயில் ஏற ஏற டியூப் காற்றின் அழுத்தம் கூடி டயர் பருக்கும். ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருளும், எண்ணிக்கை குறையும். 8 எண்ணிக்கை என்பது 10 கிலோமீட்டரில் 7 மீட்டர். சராசரி எடுப்பதும் ஏற்கப்படும் முறைதான். ஆனால் பெரிய எண் பாதையைக் கொஞ்சம் நீட்டுமே தவிரக் குறைக்காது. பாதை குறைந்துவிடாமலிருக்க எண்ணிக்கையை 1.001-ஆல் பெருக்கிக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டுகிறோமே, அந்த 10 மீட்டரில் 7-ஐ டயருக்குக் கொடுப்பானேன்?

உங்கள் கணக்கில் இடிப்பது மழை. நனைந்த சாலையில் டயர் சட்டென்று குளிர்ந்து, காலை 7 மணி நிலைக்கும் கீழே போயிருக்கலாம். அப்போது ஓட்டிய பகுதி குட்டையாகவே விழும். பிறகு வெயில் வந்து டயர் மறுபடி சூடானதால் 10.30 அளவீடு அதைக் காட்டாது. மழையில் ஓட்டிய பகுதியை மட்டும் மறுபடி அளந்துவிடுங்கள். இனி மழை பிடித்தால் நிறுத்தி, உடனே அளவுத்தடத்துக்குப் போய் நான்கு முறை ஓட்டிப் பாருங்கள்.

டேப்புக்கும் கணக்கு உண்டு. இரும்பு டேப்பின் அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 11.6 பங்கு நீளும். 30 டிகிரியில் டேப் 300 மீட்டர் என்றால் உண்மையில் 300.035. திருத்தாமல் விட்டால் 10 கிலோமீட்டர் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளும், ஆபத்தில்லை. மிகையாகத் திருத்துவதுதான் ஆபத்து. வெயிலில் காய்ந்த வெப்பமானி 45 காட்ட, டேப் நிஜத்தில் 32-இல் இருந்தால், தடம் 4.5 சென்டிமீட்டர் நீளமாகப் பதிவாகி ஓட்டப்பாதை 1.5 மீட்டர் குறைந்துவிடும். வெப்பமானியை டேப்பை ஒட்டித் தரையில், குமிழில் நேர்வெயில் படாமல் வையுங்கள். விடியுமுன் அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காற்றை முந்தின இரவே அடியுங்கள்; இரண்டு அளவீடுகளுக்கும் நடுவில் பம்பைத் தொடாதீர்கள். ஏர்கோன் காரில் கொண்டுவந்த சைக்கிளை இறக்கியதும் அளவுத்தடத்தில் ஏற்றவேண்டாம். பதினைந்து நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.