கிருபையால்தான் மீட்பு என்றால் பத்துக் கட்டளைகள் எதற்கு?

'கடவுள் சும்மாவே மன்னிக்கிறார் என்கிறீர்கள், அப்புறம் களவு செய்யாதே, பொய் சொல்லாதே என்று சட்டமும் வைத்திருக்கிறீர்கள். இரண்டில் எது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். அப்பா ஆற்காடு லுத்தரன் திருச்சபை, அம்மா கத்தோலிக்கர். இந்த விவாதத்தைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தே கேட்டு வளர்ந்தேன்.

இரவு ஜெபத்தில் அப்பா 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்பார். அதே இடத்தில் அம்மா 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்பார். எனக்குத் தெரிந்த ஒரே கடன் கடையின் பற்று நோட்டில் இருந்ததுதான். அதனால் அப்பாவின் வரிதான் எனக்குப் புரிந்தது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்த மரங்களை நம்பி எங்கள் கடையில் பற்று வைத்திருந்தவர்கள் பலர். நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒரு பைசா பிசகாமல் காட்டும். ஆனால் கட்டுவதற்கு அதுவா பணம் தரும்? இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (3:20) நியாயப்பிரமாணத்தை, அதாவது கடவுள் தந்த சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய இதுதான்: சட்டத்தால் பாவம் இன்னதென்று தெரியவரும், ஆனால் அதைக் கைக்கொண்டு யாரும் நீதிமானாகிவிட, கடவுள் முன் குற்றமற்றவராகிவிட முடியாது.

அப்பா சில பக்கங்களில் குறுக்கே கோடு போட்டார். எங்களுக்குச் சரக்கு தந்த மொத்த வியாபாரி அப்படி எதுவும் போடவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கிருபை இலவசம் என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வரும். வாங்குகிறவருக்குத்தான் அது இலவசம். பைபிளில் கொலோசெயர் 2:14இல் நமக்கு விரோதமான 'கையெழுத்து' சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்று வரும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் கடன் பத்திரம் என்று பொருள்.

சரி, கட்டளைகளுக்கு வருகிறேன். யாத்திராகமம் 20ஐத் திறந்து பாருங்கள். முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: உன்னை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்த கர்த்தர் நானே. மனப்பாடம் செய்யும்போது இதைத்தான் விட்டுவிடுகிறோம். கட்டளைகளைக் கைக்கொண்டதால் இஸ்ரவேலருக்கு விடுதலை கிடைக்கவில்லை. முதலில் விடுதலை, கட்டளைகள் கிடைத்த சீனாய் மலை அதற்குப் பிறகு. கேள்விக்கு என் பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று முழங்கிய, லுத்தரன் சபைகளின் முன்னோடியான லூத்தர்கூட 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் பாடநூலைப் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்கினார். இனிமேல் சட்டத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம் என்ற அக்ரிகோலாவை, தன் பக்கத்துப் போதகர் ஒருவரையே, எதிர்த்து அவரே எழுதினார். கத்தோலிக்கர்கள் செயலால் மீட்பு தேடுகிறவர்கள் என்பதும் தவறு (அப்பா வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்). கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் நீதிமானாவது பற்றி 1547இல் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, இறையருள் இல்லாமல் சொந்தச் செயல்களால் நீதிமானாகலாம் என்பதைக் கண்டிக்கிறது. அருள் மனிதனை உள்ளே எப்படி மாற்றுகிறது, அதில் அவன் பங்கு என்ன என்பதில்தான் தகராறு. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன், கத்தோலிக்கர் என இரு தரப்பும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு அடிப்படையில் ஒத்துப்போயின. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

'அப்படியானால் நினைத்தபடி வாழலாமே' என்பதைப் பவுலிடமே கேட்டிருக்கிறார்கள் போல. ரோமர் 6இல் அவரே அதை எடுத்துப் போட்டு, 'கூடாதே' என்கிறார். எனக்கு அது புரிந்தது 2012 கோடையில். நோட்டில் அப்பா கோடு போட்ட பக்கங்களில் ஒன்றுக்குரியவர் பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து கடையில் இறக்கினார். "எதுக்குப்பா, அதான் கணக்க அடிச்சாச்சே" என்றார் அப்பா. "கணக்குக்கு இல்லண்ணே. விழாம நின்ன மரம், பழம் நல்லா இருந்துச்சு" என்றார் அவர். அதற்குப் பிறகு அவர் பற்று வைத்தால் சொன்ன தேதிக்கு முந்தின நாளே வந்துவிடுவார்.

எல்லோரும் அப்படி இல்லை. இன்னொருவர் எங்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். எதிர்ச் சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஏமாற்றுக்காரர் என்று நான் சொன்னேன். வெட்கம் என்றார் அப்பா. இரண்டு மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தார், அவர் திரும்பவில்லை. அவர் பக்கத்தில் போட்ட கோட்டை அப்பா அழிக்கவும் இல்லை.