வாசகர் கேள்வி: செக் வரலாற்றை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முதுகலை மாணவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். செக் நாட்டுப் பகுதி வந்தால் 1938, 1948, 1968, 1989 என ஆண்டுகளை ஒப்பிப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அம்மக்களின் கூட்டு நினைவைப் புரியவைக்க எங்கே தொடங்கலாம்?
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: நவம்பர் 17 என்ற ஒரே தேதியிலிருந்து தொடங்குங்கள், அம்மா. 1939 அக்டோபர் 28 அன்று, நாஜிகளின் பிடியில் இருந்த பிராக் நகரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் யான் ஓப்லெடல் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, சில நாட்களில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலமும் எதிர்ப்பாக மாறவே, நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடி, ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதை முகாமுக்கு அனுப்பினார்கள்.

1948-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் அரசு, பாசிச எதிர்ப்பின் அடையாளம் என்று இந்நாளைப் போற்றியது. அதனால்தான் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1989 நவம்பர் 17 அன்று ஆல்பெர்டோவ் பகுதியில் மாணவர்கள் கூடியபோது அரசால் தடுக்க முடியவில்லை. அதிகாரபூர்வ இளைஞர் அமைப்பே ஏற்பாட்டில் பங்கேற்றிருந்தது. அங்கிருந்து நகர மையம் நோக்கி நடந்தவர்களை நாரோட்னி வீதியில் காவல்துறை மடக்கி அடித்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியை அமைதியாக வீழ்த்திய வெல்வெட் புரட்சி அங்கே தொடங்கி, டிசம்பர் 29 அன்று அந்த ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். ஓர் அரசு தன் பெருமைக்காகப் பேணிவந்த நினைவு நாளே அதன் முடிவுக்கு வாசல் திறந்ததை மாணவர்கள் கண்டுகொண்டால், நினைவு என்பது யார் கையில் இருக்கிறது என்று அவர்களாகவே கேட்பார்கள். நவம்பர் 17 இன்று செக் நாட்டில் அரசு விடுமுறை. அந்த நாளின் பெயரில் மாணவர்களைக் குறிப்பிடுவதா என்பதும் அங்கே தொடர்ந்து பேசப்பட்டது. 2019-இல்தான் சர்வதேச மாணவர் தினம் என்ற சொற்கள் பெயரில் சேர்ந்தன.

கேள்வி: மியூனிக்கில் கைவிடப்பட்டோம், 1968-இல் மிதிக்கப்பட்டோம் என்றே செக் மக்கள் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பார்வை சரியானதா?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டும் உண்மை. 1938-இல் மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் செக் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தன; 1968-இல் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தன. ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளும் பாடம் பாதிப் பாடம்தான். தெற்கு பொஹீமியாவில் உள்ள லெட்டி கிராமத்தைப் பாருங்கள். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942, 1943 ஆண்டுகளில், ரோமா என்னும் சிறுபான்மை இன மக்களை அடைத்துவைத்த முகாம் அங்கே இருந்தது. காவல் நின்றவர்கள் செக் காவலர்கள். அடைக்கப்பட்ட சுமார் 1,300 பேரில் முந்நூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், அங்கேயே மாண்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1970-களில் அதே இடத்தில் மாபெரும் பன்றிப் பண்ணை எழுந்தது. 1995-இல் ஹாவெல் அருகே நினைவுச் சின்னம் திறந்துவைத்த பின்னும் பண்ணை தொடர்ந்து இயங்கியது. அரசு அதை விலைக்கு வாங்கி, 2022-இல் இடித்து, 2024-இல் முறையான நினைவிடம் திறக்கப்படும்வரை உறவினர்கள் காத்திருக்க நேர்ந்தது மன்னிக்க முடியாத தாமதம் என்றே கருதுகிறேன்.

பர்னோ நகரம் வேறொரு வழி காட்டுகிறது. போர் முடிந்த சில வாரங்களில், 1945 மே இறுதியில், அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்கள், பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும், ஆஸ்திரிய எல்லை நோக்கி நடத்தியே விரட்டப்பட்டார்கள்; வழியிலும் பொஹொர்ஷெலிட்ஸே ஊரிலும் பலர் இறந்தார்கள். 2015-இல் நகர மன்றம் வருத்தம் தெரிவித்தது. இப்போது நினைவு நடை, பொஹொர்ஷெலிட்ஸேயிலிருந்து பர்னோவை நோக்கி, அன்று விரட்டப்பட்ட திசைக்கு எதிராகச் செல்கிறது. வகுப்பில் வரைபடத்தை விரித்து இரு திசைகளையும் கோடிட்டுக் காட்டினால் போதும். பேச்சு தானே தொடங்கிவிடும்.

கேள்வி: பிராக் நகரில் சோவியத் தளபதி கோனெவின் சிலையை 2020-இல் அகற்றியது வரலாற்றை அழிப்பதாகாதா?
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

பதில்: அச்சிலை 1945-இல் நாஜிகளிடமிருந்து கிடைத்த விடுதலையைப் போற்றினாலும், வைக்கப்பட்டது 1980-இல், சோவியத் படைகள் இன்னும் நாட்டில் தங்கியிருந்த காலத்தில். 1956-இல் ஹங்கேரி எழுச்சியை ஒடுக்கியதில் அவருக்கிருந்த பங்கையும் சொல்லும் விளக்கப் பலகைகள் 2018-இல் பீடத்தில் சேர்க்கப்பட்டன. சிலையை அந்தப் பலகைகளோடு விட்டிருந்தால் கற்பிப்பவருக்குக் கூடுதல் பயன் இருந்திருக்கும் என்பது என் கருத்து. உங்கள் நண்பர்களோடு சேர்ந்து, அந்தப் பீடத்துக்கு ஐந்து வரிப் பலகை ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். 1945, 1956, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளும் அதில் இடம்பெற வேண்டும்.